மொட்டையனுக்குப் போட்ட பல்ப்

முடியில்லாத எலி வளர்ப்பது நீங்கள் நினைக்கிற அளவு கஷ்டமில்லை. தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து முதுகில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் தோல் உரியும். மற்ற எலிகளைவிடக் கூடச் சாப்பிடும். சூடு மட்டும் குறையக் கூடாது. அதற்காகக் கூண்டுக்கு மேலே ஒரு பல்ப் எப்போதும் எரிய வேண்டும்.

மொட்டையனை என் மகள் றுஸ்னாதான் கொழும்பில் வாங்கினாள். எனக்கு அவள் ஒரே பிள்ளை, அங்கே ஒரு கம்பனியில் வேலை. அறை வாடகைக்குக் கொடுத்த பெண் எலியைக் கண்டு பயந்ததால், நிந்தவூருக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு ஹாஜறா எட்டிப் பார்த்து, "பாஹிமா ராத்தா, பொறந்து நாப்பதுக்கு முடி இறக்கினதோட இதுக்கு முளைக்க மறந்து பெய்த்தா?" என்றாள். ஒரு கிழமை தினமும் வந்து பார்த்தாள். பிறகு அவளும் வரவில்லை.

அதுவரை றுஸ்னா வெள்ளிக்கிழமையில் மட்டும்தான் கதைப்பாள். எலி வந்த பிறகு தினமும் வீடியோ கோல். போனைக் கூண்டுக்கு நேரே பிடிப்பேன். அதில் என் கை மட்டும் தெரியும். எனக்கு அது போதும். என் கணவர் அப்துல் ஹமீட் பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் பேச்சில்லாமல் படுக்கையில் கிடந்தார். வீட்டில் கேட்கிற குரல் அந்தப் போனில் வருவதுதான். ஆறு மாதம் போக, அதுவும் குறைந்தது.

நவம்பர் மழையில் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. மொட்டையன் சுருண்டு நடுங்கியது. வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் காலை றுஸ்னா வாசலில் நின்றாள். மூன்று நாள் இருந்தாள். இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். என் பாயிலேயே படுத்தாள்.

அதன் பிறகு நான் கரண்ட் போகும்வரை காத்திருக்கவில்லை. பல்பை நானே கழற்றினேன். ஒரு மணித்தியாலம் போதும். காது வெளிறத் தொடங்கியதும் திரும்பப் போட்டுவிடுவேன். இரண்டு தடவை வந்தாள். மூன்றாவது தடவை போனில், "உம்மா, எலிக்கெண்டு எத்தின லீவு கேக்கிற? வாப்பாக்கு ஏதுமெண்டா ஓடி வாறன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. யோசித்தேன்.

கணவருக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் சாரல் அடிக்கிற பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். உடம்பு துடைத்த பிறகு இடுப்பிலிருந்த ஈரச் சாரனை மாற்றவில்லை. பக்கத்தில் கதிரை போட்டு, மொட்டையனை மடியில் கம்பளிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். அதற்குக் குளிரக் கூடாதல்லவா. அவருடைய கண் என்னைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, திரும்ப என்னைப் பார்த்தது.

நாலு பின்னேரம் அப்படிச் செய்தேன். பிறகு ஆஸ்பத்திரி. அங்கே ஒன்பதாம் நாள் மௌத்தானார். றுஸ்னா கடைசிவரை அவர் பக்கத்தில் இருந்தாள்.

மௌத்து வீட்டில் ஹாஜறா அவளைக் கூப்பிட்டு, "இத்தா முடியுமட்டும் நாலு மாசம் பத்து நாள் உம்மா வெளியில போக ஏலா. தனிய விடாத புள்ள, நீதான் நிக்கணும்" என்றாள். றுஸ்னா ஓம் என்றாள். கொம்பியூட்டரைக் கொண்டுவந்து இங்கிருந்தே வேலை செய்தாள். வெள்ளைச் சேலையோடு இருந்த அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவள் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

நாளையோடு இத்தா முடிகிறது. கொழும்பில் அவளுக்குப் புது அறை கிடைத்திருக்கிறது. அங்கே எலி வைத்திருக்கலாமாம். அவளுடைய பேக் முன் ஹோலில் இருக்கிறது, கூண்டும் பக்கத்தில் இருக்கிறது.

எனக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. எலி என்றால் நடுங்கிக் காட்டும். அவர் நடுங்கவே இல்லை. நடுங்கியிருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பேன்.

ஹாஜறா சொல்லித்தான் இத்தா நாட்களை எண்ணினோம் என்று றுஸ்னா நினைக்கிறாள். ஜன்னலைத் திறந்த அன்று காலையிலேயே நான் கலண்டரில் அன்றிலிருந்து எண்ணி, முடிகிற நாளுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். கணக்கு இரண்டு கிழமை பிசகிவிட்டது. நான் நினைத்ததைவிட அவர் கொஞ்சம் கூடத் தாங்கினார்.