சண்முகத்தாய் பேரில் ஒரு எடைச்சீட்டு

“…முடியாதுங்குது மாப்ள! இம்புட்டு நேரமா அதத்தான சொல்றேன். சுத்தமா முடியாதுங்குது. எடையப் பாத்துச் சீட்டு அடிக்கிற பைலு ஏற்கனவே வேறொரு பேக்கேஜுக்குச் சொந்தமாம், புதுப் பேக்கேஜு அதுமேல கை வைக்கக் கூடாதாம். வில்லங்கம் சொல்லி நிறுத்திருச்சு. இது கம்ப்யூட்டரா, பத்திர ஆபீஸா?”

சங்கரலிங்கம் எடைமேடை அறையின் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே மேடைமீது பன்னீர் திராட்சை ஏற்றிய லாரி. அதன் டிரைவர் ராக்கையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினோரு மணிக்குள் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறினால்தான் கோட்டயம் சந்தை. எடைச்சீட்டு இல்லாவிட்டால் அங்கே கூடையைக் கீழே இறக்கவிட மாட்டார்கள். இதை வந்தவுடன் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் அவனுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை.

“திராட்ச ஆனைமலையன்பட்டியா? நெனச்சேன். அங்கன மண்ணே வேற… என்ன, ரோட்டையே பாக்குற? பாலத்துக்கு அங்கிட்டு இருக்க மேடைக்கா? போகாத. காலைல இருந்து மூணு வண்டி அங்கிட்டுப் போயிருச்சு, நீயும் போயிட்டா இன்னைக்கு எனக்குப் போணியே இல்ல. இரு, பைலுக்கு வர்றேன். இந்தக் கம்ப்யூட்டர ஓட்டுறது லினக்ஸு. நாயமான ஆளு. அதேன் இதுல உள்ள சீக்கே! ஒரு வேலைக்கு வேணுங்கிற பைல எல்லாம் மூட்டையாக் கட்டுனா அது பேக்கேஜு. எந்த பைலு எந்த மூட்டைக்குச் சொந்தம்னு பட்டா போட்டு வச்சிருக்கும். ஒரு பைலுக்கு ஒரு மூட்டதேன். ரெண்டாவதா ஒருத்தன் வந்து எனக்குன்னு நின்னா வாசல்லயே நிறுத்திரும். நானும் வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன் மாப்ள. ஏம்ப்பா, பங்காளிக ஒரு கெணத்துல மொற வச்சுத் தண்ணி எறைக்கலையா, காலைல இவன், மதியம் அவன்னு அனுசரிச்சுக்கங்களேன்னேன். மசியல. பலவந்தமா மேல எழுதவும் ஒரு வழி இருக்கு. ஆனா அது அடுத்தவன் வேலியப் புடுங்குற வேல. நமக்கே நேரஞ் சரியில்ல, அது எதுக்கு…

“என்ன? அந்த மொதப் பேக்கேஜு யாருதா? அது… நாந்தேன் எழுதுனேன். தேனில பதினாலு வருசம் கம்ப்யூட்டர் வாத்தியாரா இருந்தவன்ல. ‘சங்கரலிங்கம் எடை’ன்னு பேரு. புதுசா? புதுசும் நாந்தேன். ‘சண்முகத்தாய் எடை.’ வீட்டுக்காரி பேரு. வித்தியாசமா? பேரத் தவிர ஒண்ணும் கெடையாது. அதே பைலு, அதே எடம். அப்பிடியே இருந்தத அவிழ்த்து வேற பேருல கட்டுனேன், அம்புட்டுத்தேன். ஏன் சிரிக்கிற? ஏழரச் சனி புடிச்சவனப் பாத்துச் சிரிக்காத. போன சனிக்கெழம குச்சனூர் சனீஸ்வரங் கோயிலுக்குப் போயி எள்ளு வெளக்கு ஏத்திட்டுச் சோசியரப் பாத்தேன். ஒம்ம பேருல எதுவும் ஓடக் கூடாது, எல்லாத்தையும் சம்சாரம் பேருக்கு மாத்தும்னு சொன்னாக. போர்ட மாத்திட்டேன். பைக்க மாத்திட்டேன். கரண்டு மீட்டருக்கு மனு குடுத்திருக்கேன். மாறாதது இது ஒண்ணுதேன்…”

கூடைகளின் அடியில் சாறு கசியத் தொடங்கியிருந்தது. தேனீக்கள் தகவல் தெரிந்து வந்துகொண்டிருந்தன. மணி பத்தே முக்கால்.

“பழசு ஓடுமாவா? ஓடும்யா! ஜம்முன்னு ஓடும். இப்பத் தட்டுனா அர நிமிசத்துல சீட்டு வந்துரும். ஆனா ஏம்பேருல்ல வரும்? ஒன் நல்லதுக்குத்தேன் சொல்றேன். ஏழரச் சனிக்காரன் சீட்டப் பையில வச்சுக்கிட்டு அம்புட்டு வளைவும் ஏறிருவியா?… பழசத் தூக்கிட்டுப் புதுசப் போட வேண்டியதுதானங்கிற. வெள்ளன இருந்து அங்கனதேன் மாப்ள நிக்கிறேன்! எட்டிப் பாரு. ‘சங்கரலிங்கம் நீக்கப்படும். சம்மதமா?’ன்னு கேக்குது. சனிக்கெழமயும் அதுவுமா, ஏங்கையாலயே, என்னையவே… எந்த மனுசன் சம்மதம்னு அமுக்குவான்? இரு, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுர்றேன்.”

செல்லைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

“தாயி, நாந்தேன். கம்ப்யூட்டரு என்னைய நீக்கவான்னு கேக்குது… இல்ல, முழுசாக் கேளு…”

சண்முகத்தாய் முழுசாகக் கேட்கவில்லை. நீக்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார். சங்கரலிங்கம் நீங்கினார். சண்முகத்தாய் உள்ளே வந்தாள், ஒரு தடங்கலும் இல்லாமல். அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடிச் சீட்டைத் துப்பியது. அதை வாங்கிப் பார்க்கக்கூடப் பொறுக்காமல் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

“இந்தா மாப்ள! பாத்தியா, ஒரு முணுமுணுப்பு இல்ல… மாப்ள?”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த ஆளைக் காணோம். மேடையில் லாரியையும் காணோம். நசுங்கிய நாலு திராட்சை கிடந்தது, அதைச் சுற்றித் தேனீக்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாரன் சத்தம் கேட்டு அடங்கியது.

சீட்டை உள்ளே இழுத்து வாசித்தார். தலைப்பில் சண்முகத்தாய், பெரிய எழுத்தில். அதற்குக் கீழே மொத்த எடை: பூஜ்யம் கிலோ.

பிறகு மறுபடி செல்லை எடுத்தார்.

“தாயி, ஓம்பேருல மொதச் சீட்டு வந்துருச்சு… எடையா? அத ஏன் கேக்குற, அம்புட்டுத் துல்லியம். மேடைல நாலு திராட்ச கெடக்கு, அதக் கூடச் சேக்கல.”