நாதமுனியின் இடத்தில் வந்த பெட்டி

ஓடுகிறோம். காலை மணி பத்து பன்னிரண்டு. மேலே குண்டு ‘ஊய்ங்’ என்று இழுக்கிறது. அப்புறம் ‘டொம்’. பக்கத்துத் தெரு இல்லை. எங்கள் தெருவேதான். வாட்ச் கடைக் கண்ணாடி முழுக்கக் கொட்டுகிறது.

அது சண்டை நடக்கும் ஓர் அயல்நாட்டுக் கடைவீதி. கடையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி சித்தூர். நான் நகரி. என்னோடு ஒரே மேசையில் ரிப்பேர் பார்த்த நாதமுனிக்கு ஊர் பாகாலா.

என் இரண்டு கையிலும் முழங்கை வரை வாட்ச். மேலே முழுக்கைச் சட்டை. வழியில் சோதனை போட்டால் பையைத்தான் பிடுங்குவார்களாம். முதலாளி கட்டச் சொன்னார். கட்டிக்கொண்டேன், மானங்கெட்டவன்.

சின்னக் கார். ஓட்டுவது முதலாளி. முன்சீட்டில் அவர் சூட்கேஸ்கள். பின்னால் எனக்கு ஓரிடம். மிச்ச இடம் முழுக்க அவரே கட்டிய அட்டைப்பெட்டி.

நாதமுனி ஓடி வருகிறான். ரிப்பேர் லென்ஸை இன்னும் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கதவைப் பிடிக்கிறான்.

“பொட்டிய எறக்குடா! நானும் வர்றேன்!”

“கைய எடுடா! அதுல சரக்கு கீது! நடந்து வா!” முதலாளி கத்தினார்.

பெட்டியை வெளியே தள்ளியிருக்கலாம். என் கை அதன்மேல்தான் இருந்தது. தள்ளவில்லை. கார் நகர்ந்தது. மணி பத்து பதினான்கு. மறுபடி ‘டொம்’. திரும்பிப் பார்த்தேன். புகை. அவன் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

எல்லை தாண்டி, விமானம் ஏறி, நான்கு நாளில் திருப்பதி வந்தோம். முதலாளியின் மச்சான் கடை. பெட்டியை நான்தான் பிரித்தேன். உள்ளே ஒரு வாட்ச்கூட இல்லை. எல்லாம் வெல்வெட் வைத்த காலி டப்பா.

“டப்பா இல்லாத வாட்ச எவன்டா வாங்குவான்? திருட்டு மால்னு சொல்லுவான்.” முதலாளி இட்லி தின்றுகொண்டே சொன்னார். எங்கள் தொழிலில் அது நிஜம்தான். டப்பாக்களை எண்ணி அடுக்கினேன்.

பாகாலாவுக்குப் போனேன். நாதமுனியின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டில எடமே இல்லியாப்பா?”

“இல்ல நைனா.”

த்தூ! இதுவும் ஒரு வாய்.

எண்ணிச் சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள். போனது ஒரு கடை. ஒரு மேசை. நாதமுனி, வயது முப்பத்துநாலு. உடம்புகூடக் கிடைக்கவில்லை. வந்து சேர்ந்தது என் கையில் இருபத்திரண்டு வாட்ச், பெட்டியில் நாற்பது காலி டப்பா. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.