மெல் கிரிம்ஷாவின் நெற்றி

மேடையில் இருக்கும் கழகத் தலைவர் திரு. டட்டன் அவர்களே, இறுதிச் சடங்கை முடித்துத் தேவாலயத்திலிருந்து நேராக ஈரக் குடையோடு வந்திருக்கும் பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் தன் அப்பா மெல்லின் கழுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் ஜானிஸ் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் தொப்பியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருக்கும் டென்னிஸ் லோமஸ் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பார் ஓரமாக நிற்கும் கால்டர்விக் ஊர் மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கால்டர்விக் டவுன் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி எடுத்து வரச் சொன்னார்கள். எழுதவும் செய்தேன். இன்று காலை அதைப் படித்துப் பார்த்தேன். முதல் பாதியை நம்பினால் இரண்டாம் பாதியைச் சொல்ல முடியாது. இரண்டாம் பாதியை நம்பினால் முதல் பாதியைச் சொல்ல வாய் வராது. அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தடுமாற்றம்தான் இன்று என்னிடம் இருக்கிற ஒரே உண்மையான சரக்கு.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? மெல்வின் கிரிம்ஷாவுக்காக! நம் சென்டர் ஃபார்வர்டுக்காக! 'கால்டர்விக்கின் நெற்றி' என்று இந்த ஊரே பட்டம் சூட்டி அழைத்த மனிதருக்காக! வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்டக்காரர்களின் காலைப் புகழ்ந்தார்கள். நாம் நெற்றியைப் புகழ்ந்தோம். ஏன்? அவர் காலால் அடித்த பந்துகள் பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்துக்குப் போயின. இதை அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறோம், அவரும் சிரித்திருக்கிறார், ஆகவே இப்போதும் சொல்லலாம்.

தொழில்முறைக் கால்பந்தின் நான்காம் பிரிவில் ஆரம்பித்தவர். மூன்றாம் பிரிவைத் தாண்டி மேலே போகாதவர். நம்மிடமிருந்து விற்கப்பட்டு, வடக்கே ஒரு கழகம், கடற்கரையில் ஒரு கழகம், மறுபடி வடக்கே என்று அலைந்து, முழங்கால் தேய்ந்த பிறகு நம்மிடமே திரும்பி வந்தவர். ஒரே ஒரு முறை முதல் பிரிவுக் கழகம் ஒன்று அவரைப் பார்த்து வர ஆள் அனுப்பியது. அந்த மனிதர் தொப்பியும் நீளக் கோட்டுமாக நம் மைதானத்தில் வந்து உட்கார்ந்தார். மெல் என்ன செய்தார்? முதல் பாதியிலேயே ஒரு கோல்! தலையால்! பிறகு? பிறகு மூடுபனி இறங்கியது. எதிர்ப்பக்கக் கோல் கம்பம் தெரியவில்லை என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். நிறுத்தப்பட்ட ஆட்டத்தின் கோல் கணக்கில் சேராது. அது மறுபடி ஆடப்பட்டபோது அந்த நீளக் கோட்டு மனிதர் வரவில்லை.

"வருத்தமா இல்லையா?" என்று அவரிடம் நான் ஒருமுறை கேட்டேன்.

"இல்ல கண்ணு," என்றார். "அங்க போயிருந்தா பெரிய பெரிய ஆளுங்க நடுவுல பெஞ்ச தேச்சுட்டு உக்காந்திருப்பேன். இங்க பாரு, மீன் வறுவல் கடையில எனக்கு வரிசையே கிடையாது."

இதுவரை சொன்னது எளிது. இதோடு நிறுத்தி, கைதட்டி, தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவருடைய கடைசி வருடங்களையும் நீங்கள் அறிவீர்கள். அவருக்கு நினைவு தப்பியது. முதலில் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு வீட்டுக்குப் போகும் வழி. ஆனால் மைதானத்துக்கு வரும் வழி மட்டும் போகவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, ஆட்டமே இல்லாத நாளில், என் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு நிற்பார்.

"என் பூட்ஸ் எங்க கண்ணு? பஸ் கெளம்பிரும்."

"இன்னிக்கு ஆட்டம் இல்ல மெல்."

"இல்லையா? அப்ப நீ எதுக்கு வந்த?"

நான் அவருக்கு ஒரு நாற்காலி போடுவேன். கொஞ்ச நேரத்தில் டென்னிஸ் வந்து அழைத்துப் போவார்.

ஒரு சனிக்கிழமை அவர் வெளியூர் அணியின் உடைமாற்றும் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அவர்களுடைய பயிற்சியாளர் யாரோ பழைய ஆட்டக்காரர் என்று மரியாதையாக விட்டுவிட்டார். அவர்கள் திட்டம் முழுவதையும் கேட்டு, தலையாட்டி, எழுந்து வந்து நம் பயிற்சியாளரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தார் மெல். அன்றைக்கு மட்டும் அவருக்கு ஒன்றுமே மறக்கவில்லை! எதிரியின் முழுத் திட்டமும் கையில்! அப்படியும் நாம் தோற்றோம். சிரியுங்கள், சிரிக்கலாம், அவர் மகளே சிரிக்கிறார்.

இனி வருவதுதான் எனக்கு வழி தெரியாத இடம்.

அவர் நினைவை எடுத்தது எது? மருத்துவர்கள் நேராகச் சொல்லவில்லை. பந்தைத் தலையால் அடித்து அடித்தே வந்ததாக இருக்கலாம் என்றார்கள். இப்படிப் பல பேருக்கு வந்திருக்கிறது என்றார்கள். அவருடைய மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பீர்களா என்று ஜானிஸைக் கேட்டார்கள். ஜானிஸ் கொடுத்தார். முடிவு வர மாதங்கள் ஆகும். வந்தாலும் அது நோயின் பெயரைச் சொல்லும். எந்தப் பந்து என்று சொல்லாது. எந்தச் சனிக்கிழமை என்று சொல்லாது. அந்தச் சனிக்கிழமை மேற்குப் பக்கப் பார்வையாளர் படிக்கட்டில் நின்று "தலைக்குப் போடு! மெல் தலைக்குப் போடு!" என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் யார் யார் என்றும் சொல்லாது.

நாம்தானே கத்தினோம்? அன்பில்தானே கத்தினோம்? அன்பில் கத்தியது எந்தக் கணக்கில் சேரும்?

இந்தக் கேள்வி நம் மனதில் இருக்கும்போதே நம் கழகம் என்ன செய்தது தெரியுமா? கமிட்டி கூடியது. வருகிற சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் மெல்லுக்கு எப்படி அஞ்சலி செலுத்தலாம் என்று பேசினோம். நம் சிறுவர் அணிப் பிள்ளைகள் எல்லோரும் கோலுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள், ஆளுக்கு ஒரு பந்தைத் தலையால் அடித்து வலைக்குள் போடுவார்கள், ஊரே கைதட்டும். எவ்வளவு பொருத்தம்! எவ்வளவு அழகு! எல்லோரும் கை தூக்கினோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிஸ்கட் தட்டு வந்தது, எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் அடிக்கச் சொல்லித் தரக்கூடாது என்று நம் கழகமே விதி வைத்து வருடங்கள் ஆகின்றன. அந்த அறிவிப்பு இதோ, இந்த பார் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அதைத் தள்ளித் திறந்துகொண்டுதான் அன்றைக்கு வெளியே போனோம்.

அஞ்சலி விவரம், ஆட்டத்தன்று நாம் விற்கும் ஆட்ட இதழில் அச்சாகி ஜானிஸுக்கும் போனது. செவ்வாய்க்கிழமை அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நடந்ததை இங்கே சொல்ல அவர் அனுமதி கொடுத்திருக்கிறார்.

"ரூத், இதை யார் முடிவு பண்ணினது?"

"கமிட்டில எல்லாரும் சேர்ந்துதான்."

"எல்லாரும் சேர்ந்தா? ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

"என்ன தோணலை?" என்றேன். கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே தோன்றியது. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மெல் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதுல கொடுமை என்ன தெரியுமா? அப்பா இருந்திருந்தா முத ஆளா வந்து நிப்பாரு. கழுத்த எப்படி வெச்சுக்கணும், நெத்தில எந்த எடத்துல வாங்கணும்னு ஒவ்வொரு புள்ளைக்கும் காட்டுவாரு. சந்தோஷமா காட்டுவாரு. அதான் எனக்குத் தாங்கல."

"நிறுத்திடட்டுமா?"

"தெரியல ரூத். நிறுத்தினா அப்பா பண்ணினதெல்லாம் தப்புன்னு நானே சொன்ன மாதிரி இருக்கு. நிறுத்தலன்னா... அந்தப் புள்ளைங்கள்ல ஒருத்தி என் பேத்தி."

நாங்கள் இரண்டு பெண்களும் ஒரு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆட்ட இதழின் அட்டையில் இருந்த மெல்லின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்து நெற்றியில் பட்ட கணத்தில் எடுத்த படம். முகம் முழுக்கக் கோணிப்போயிருக்கிறது. அது வலியா மகிழ்ச்சியா என்று இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை.

மெல்லையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டார் ஒருவர். டென்னிஸ் லோமஸ் கேட்டார். வலது ஓரத்தில் ஓடி, பந்தைத் தூக்கி மெல்லின் தலைக்கு அனுப்பிய விங்கர் அவர்தான். மெல் போட்ட கோல்களில் முக்கால்வாசி டென்னிஸின் காலில் புறப்பட்டவை. மருத்துவர்கள் 'இருக்கலாம்' என்று சொன்ன நாளிலிருந்து டென்னிஸ் சரியாகத் தூங்கவில்லை. வியாழக்கிழமைதோறும் மெல்லைக் கைப்பிடித்து இந்த மைதானத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போனவர் அவர். அப்படி ஒரு நடையில், மூலையில் நடும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

"டேய் மெல், நான் தூக்கித் தூக்கிப் போட்டதாலதானேடா உனக்கு இப்படி ஆச்சு?"

மெல் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"நீ போட்டதுல பாதி என் தலைக்கே வரல. பெருமை அடிச்சுக்காதடா."

இது அறிந்து சொன்ன பதிலா? நண்பன் மனம் நோகக்கூடாது என்று அந்த உடைந்த நினைவுக்குள்ளிருந்து தேடி எடுத்துக் கொடுத்ததா? இல்லை, வழக்கமான கிண்டல் தானாக வாயில் வந்ததா? டென்னிஸ் என்னைக் கேட்டார். நான் பாதிரியாரைக் கேட்டேன். பாதிரியார் நல்ல மனிதர், தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற குளிர்காலத்தில் ஓர் ஆட்டம். நம் பையன் ஒருவன் தலையால் அடித்து கோல் போட்டான். படிக்கட்டு முழுக்க எழுந்து குதித்தது. மெல் மட்டும் எழவில்லை. இரண்டு கையையும் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "வேணாம், வேணாம், போதும்" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கைகளை இறக்க நெடுநேரம் ஆயிற்று. அடுத்த வாரமே அதே இடத்தில் உட்கார்ந்து, "உசரமா போடுங்கடா, தரையில உருட்டிக்கிட்டு!" என்று கத்தினார்.

எந்த மெல் சொன்னதை நான் கேட்பது? எந்த மெல்லுக்கு நாம் அஞ்சலி செலுத்துவது?

நண்பர்களே! இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியாக ஒரு வாக்குறுதி கொடுப்பது வழக்கம். மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்பார்கள். எந்தப் பணியை? ஆட்டத்தை விட்ட பிறகு, தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிறு காலைகளில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது என்ன? "கண்ண மூடாத! பந்து உன்னத் தேடி வராது, நீ போய் வாங்கு!" இங்கே நிற்கும் பாதிப் பேர் அவரிடம் அதைக் கற்றவர்கள். தொடர்வோம் என்று எப்படிச் சொல்வேன்? தொடரமாட்டோம் என்று அவர் மகள் எதிரில் எப்படிச் சொல்வேன்?

தேவாலய வாசலில் இன்று ஜானிஸிடம் இதையே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ரெண்டையும் சொல்லுங்க ரூத். அப்பாவுக்கு அது உயிருன்னு சொல்லுங்க. புள்ளைங்க அதைப் பண்ணக் கூடாதுன்னும் சொல்லுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டலேன்னா ஒட்டாம இருக்கட்டும். எனக்கே ஒட்டல."

ஆகவே, சொல்கிறேன். மெல்வின் கிரிம்ஷா தலையால் அடித்தது இந்த ஊர் கண்ட பெரிய அழகு! அதை எந்த மருத்துவ அறிக்கை வந்தாலும் நான் மறுக்கமாட்டேன். சனிக்கிழமை நம் பிள்ளைகள் யாரும் தலையால் அடிக்கமாட்டார்கள். அதையும் கழகத்தின் செயலாளராக அறிவிக்கிறேன். ஞாயிறு காலைப் பயிற்சி நடக்கும், பந்து தரையில் ஓடும். வியாழக்கிழமைகளில் மைதானத்தின் வாயில் திறந்திருக்கும். பழைய ஆட்டக்காரர் யார் வந்தாலும், எந்த வருடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வந்தாலும், கூட நடக்க நம்மில் ஒருவர் இருப்பார். இந்த வாக்குறுதிகளை என்னால் குழப்பமில்லாமல் கொடுக்க முடிகிறது.

சனிக்கிழமை என்ன செய்வது? ஜானிஸும் நானும் தேவாலயப் படியிலேயே நின்று பேசி முடிவு செய்தோம். மூன்று மணிக்கு ஆட்டம். அதற்குச் சற்று முன்னால் டென்னிஸ் லோமஸ் வலது மூலைக்குப் போவார். ஒரு பந்தை வைப்பார். கோலுக்கு முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அவர் கார்னர் அடிப்பார். டென்னிஸ், உங்களிடம் இன்னும் கேட்கவில்லை, மன்னியுங்கள், இப்போது எல்லார் முன்னாலும் கேட்கிறேன். அடிப்பீர்களா?

என்ன? கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

"முட்டி ஒத்துழைச்சா அடிக்கிறேன்" என்கிறார்.

ஜானிஸ், நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள்.

"நேரா அப்பா நிக்கிற எடத்துக்குப் போடச் சொல்லுங்க. இந்த ஒரு தடவையாவது."

கேட்டீர்களா டென்னிஸ்? சிரிக்கிறார். அழுகிறார். எனக்குத் தெரியவில்லை, இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

ஊர் மக்களே, சனிக்கிழமை நேரத்தோடு வாருங்கள். அந்தப் பந்து உயரமாக வரும். நம் வாயில் பழைய கூச்சல் எழும், எழாமல் இருக்காது. அது மெல் நின்ற இடத்துக்கு மேலே வந்து, யாருடைய தலையிலும் படாமல், புல்லில் விழும். அப்போது கைதட்டுவதா, சும்மா நிற்பதா என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே சேர்ந்து நிற்போம்.