கியரில் இறங்கிய ராய்ஸ்டன்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை எட்ரியன் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை திருமதி விக்னேஸ்வரி அவர்களே, தோட்டத்து அலுவலகக் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி திரு. அமிர்தலிங்கம் அவர்களே, தானா ராத்தாவிலிருந்தும் பிரிஞ்சாங்கிலிருந்தும் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, நமது நெடும்பயண மோட்டார் சைக்கிள் மன்றத்தின் உறுப்பினர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார், தங்கச்சி கேத்லீன் அவர்களே, அவர்கள் மகள் செரீனா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் தேயிலைத் தொழிற்சாலையின் தலைமை ஃபிட்டர், அமரர் திரு. ராய்ஸ்டன் சூசைமுத்து அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. பகல் ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. வயது ஐம்பத்து மூன்றுதான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் இருக்க அவர் போனது எந்த ஊர் நியாயம்?

இரங்கல் கூட்டத்தில் இறந்தவரைப் புகழ்வது வழக்கம். நானும் புகழத்தான் போகிறேன். ஆனால் புகழ எனக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இந்த மன்றத்தில் ராய்ஸ்டனுக்கு அநியாயம் செய்தவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் குகனேஸ்வரன். முப்பத்தொரு வருடம் இந்தத் தோட்டத்துத் தேயிலை லோரியை ஓட்டியவன், பதினான்கு வருடமாக இந்த மன்றத்துத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். வெட்கத்தோடுதான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். நெடும்பயணம் போகும் மோட்டார் சைக்கிள் ஏன் இவ்வளவு பெட்ரோல் எண்ணெய் குடிக்கிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம் உழைத்த மனிதர் அவர்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோவில் சட்டையைக்கூட மாற்றாமல், கால் பம்பையும் காற்று அளக்கும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு பந்துத் திடலுக்கு வந்துவிடுவார். யார் மோட்டார் வந்தாலும் குனிந்து டயரைப் பார்ப்பார். நம் மலைக் குளிரில் டயரில் காற்று இறங்கிப் போவது நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் நமக்கு அக்கறை இல்லை. அவருக்கு இருந்தது. யார் பெற்ற பிள்ளைகள் நாம்? எதற்காக அவர் நமக்கு முன்னால் மண்டியிட்டுக் காற்றடித்தார்?

கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருக்கும் தம்பி மாடசாமி அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை ஈப்போவுக்குக் கிளம்பினார். பின்னால் பெரிய பெட்டி, இரண்டு பக்கமும் பெட்டி, அவற்றுக்கு மேலே சோளமும் முட்டைக்கோசும் மூட்டையாகக் கட்டியிருந்தார். ராய்ஸ்டன் அவரை வழி மறித்தார்.

"ஏன்லா மாடசாமி, மோட்டர்ல போறியா, லோரியில போறியா? வெயிட்டு ஒரு பக்கம், இந்தப் பெட்டிங்க காத்துல முட்டுறது ஒரு பக்கம். வேணாததக் கழட்டி வையி."

"எண்ணெதானேண்ணே, வழியில ஊத்திக்கலாம்" என்றார் மாடசாமி.

"ஊத்துவ, ஊத்துவ. ஹைவேல நூத்தி இருவதுல பறந்தின்னா எல்லாருக்கும் முன்ன போய்ச் சேருவ. எண்ணெக் கடைக்கும் நீதான் முன்ன போய்ச் சேருவ. அவசரப்படுற கைதான் எண்ணெ குடிக்குது. என்ஜின் மேல பழி போடாத."

மாடசாமி சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைக் கழற்றினார். அதுதான் ராய்ஸ்டன் பேசும் முறை. கேலி இருக்கும், ஆனால் யாரையும் கூனிக்குறுக வைக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மண்சரிவு வந்து பாதை அடைபட்டதே, மறந்துவிட்டோமா? எண்ணெய் லோரியால் மலையேற முடியவில்லை. பெட்ரோல் பம்பு எல்லாம் காய்ந்துவிட்டது. தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் வடிவம்மாள் அக்காவுக்கு இன்சுலின் தீர்ந்துபோனது. ராய்ஸ்டன் மோட்டாரில் இருந்தது இரண்டு லிட்டருக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய், மேல் டிவிஷனுக்கு ஏறி, மறுநாள் இன்னும் இரண்டு வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்து, சொந்த வீட்டுக்கும் ஓட்டி வந்து சேர்ந்தார்! நாமெல்லாம் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த மருந்தைக் கொண்டு போனபோது அவர் இந்த மன்றத்தின் உறுப்பினராக இல்லை. ஏன் இல்லை? நான் நீக்கியிருந்தேன்.

அந்தக் கதையைத்தான் இங்கே நான் சொல்ல வேண்டும்.

வருடா வருடம் நாம் நடத்தும் 'ஒரே டேங்க்' ஓட்டம் உங்களுக்குத் தெரியும். தானா ராத்தாவில் டேங்க் நிறைய ஊற்றி மூடிக்கு முத்திரை வைப்போம். ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கி, தெலுக் இந்தானைச் சுற்றி, ஈப்போவுக்குப் போய், சிம்பாங் பூலாய் வழியாக மலையேறித் திரும்ப வேண்டும். வந்ததும் முத்திரையை உடைத்து மறுபடியும் நிறைய ஊற்றுவோம். யார் டேங்க் குறைவாகக் குடிக்கிறதோ அவருக்கு முதல் இடம். ஒரே ஒரு கட்டாய விதி. இறக்கத்தில் என்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தவருக்கு மன்றத்தில் இடமில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்த ஓட்டத்தில் என் மோட்டார் பதினொரு லிட்டர் குடித்தது. மற்றவர்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான். ராய்ஸ்டனுடைய மோட்டார் குடித்தது எட்டு லிட்டர் இருநூறு மில்லி. என்னுடையதும் அவருடையதும் ஒரே மாதிரி மோட்டார்!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கை கொடுத்திருக்க வேண்டும். எப்படியப்பா ஓட்டினாய் என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இதே மண்டபத்தில், குடும்பம் குடும்பமாக எல்லோரும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒலிவாங்கியைப் பிடித்துக் கத்தினேன்.

"டேய் ராய்ஸ்டன்! இந்த மலையில முப்பது வருசம் லோரி ஓட்டினவன்டா நானு. எனக்கே காதுல பூ சுத்துறியா? தாப்பா எறக்கத்துல என்ஜின ஆஃப் பண்ணியா இல்லியா?"

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "இல்லண்ணே. கியர்லதான் எறங்கினேன். புது மாதிரி மோட்டர்ண்ணே இது. கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர விட்டுட்டா எண்ணெய அதுவே நிப்பாட்டிக்கும். சக்கரமே என்ஜினச் சுத்திக்கும். நீங்கல்லாம் எந்தக் கியரும் போடாம ஃபிரீ கியர்ல வர்றீங்க. அப்ப என்ஜின் நிக்காம இருக்க எண்ணெ குடிச்சிக்கிட்டேதான் இருக்கும்."

"கேட்டீங்களாலா? கியர்ல வந்தா எண்ணெ மிஞ்சுமாம்!" என்றேன் நான். மண்டபமே சிரித்தது.

ஏன் சிரித்தோம்? நாம் தோட்டத்து ஆட்கள். துரை காலத்தில் லோரிக்கு டீசலை அளந்துதான் ஊற்றுவார்கள். இறக்கம் வந்தால் ஃபிரீ கியரில் தள்ளிவிட்டு உருண்டு வருவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டோம். லோரியில் பழகியதை மோட்டாரிலும் செய்தோம். எண்ணெய் மிச்சம் என்றால் இந்த மலையில் ஃபிரீ கியர்தான் வேதம். அந்த வேதத்தைச் சந்தேகப்பட்டவனை நான் கள்ளன் ஆக்கினேன். அன்றைக்கே செயற்குழுவைக் கூட்டி அவர் பெயரை அடித்தேன். டயரில் எவ்வளவு காற்று, என்ன வேகம், எவ்வளவு பாரம், சங்கிலிக்கு எப்போது எண்ணெய் விட்டார் என்று எல்லாவற்றையும் ராய்ஸ்டன் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். இறக்கத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் இவற்றில் மிஞ்சியது என்று அதில் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. மடித்து அதன் மேல் தேத்தண்ணீர்க் குவளையை வைத்தேன்.

அடுத்த வாரமே சாப்பாட்டுக் கடையில் அவருக்கு 'சுவிட்சு' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. என்ஜினை அணைத்தவராம். பள்ளிக்கூடத்தில் செரீனாவை 'சுவிட்சு மகள்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை அன்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாக எனக்குச் சொன்னார்கள். எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து நமக்குக் காற்றடித்தார்! எனக்கும் அடித்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குப் புத்தி வந்தது. காலை உடைத்துக்கொண்டுதான் வந்தது. மலைக்குக் கீழே பீடோரில் இருக்கும் என் தங்கை யோகேஸ்வரி புது வீட்டில் குடிபுகுந்தாள். சீர்வரிசை, காய்கறி என்று மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ரிங்லெட் தாண்டி ஃபிரீ கியரில் உருண்டேன். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அது சூடேறிக் காய்ந்துவிட்டது. ஒரு வளைவில் பிடித்தேன், நிற்கவில்லை. ஓரத்துக் கால்வாயில் கிடந்தேன். ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது யார் தெரியுமா? ராய்ஸ்டன்.

"பிரேக்கு கருகுன வாசம் வந்திருக்குமேண்ணே?" என்று கேட்டார்.

"வந்திச்சி" என்றேன்.

அவ்வளவுதான். நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு வார்த்தை இல்லை. என் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்ச் சரி செய்தார். கால் கூடியதும் என்னைப் பின்னால் உட்கார வைத்துத் தாப்பா இறக்கத்துக்குக் கூட்டிப் போனார். என்ஜினுக்குள் போகும் எண்ணெயைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை மாட்டியிருந்தார். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டார். பூஜ்யம் காட்டியது. ஃபிரீ கியருக்குத் தள்ளினார். எண் ஏறியது. மறுபடி கியர். மறுபடி பூஜ்யம். என் கண்ணால் பார்த்தேன், ஐயா!

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "ராய்ஸ்டன், அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே. எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்கு இருந்தவங்ககிட்ட சொல்லுங்க."

"ஆண்டுக் கூட்டத்துல சொல்றேன்லா" என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று ஆண்டுக் கூட்டம் வந்து போனது. முதல் வருடம் வெளியூர் விருந்தாளிகள் வந்திருந்தார்கள், அவர்கள் முன்னால் எதற்கு என்று விட்டேன். இரண்டாம் வருடம் எழுதியே கொண்டு வந்தேன், சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாம் வருடம் நீங்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். போர்த்திய ஆடையோடு நான் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? கூட்டம் முடிந்து வெளியே வந்தால் ராய்ஸ்டன் என் மோட்டாரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன், அந்தச் சாக்கில் தப்பித்திருப்பேன். கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். மானங்கெட்டவன் நான். இதைவிட வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் இந்தக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுத் தங்கச்சி கேத்லீன் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "கூட்டம் வைங்கண்ணே. ஆனா அவர நல்லவரு, வல்லவருன்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அது எங்களுக்குத் தெரியும். அவரு என்ஜின ஆஃப் பண்ணலன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

சொல்கிறேன், தங்கச்சி. மன்றத் தலைவன் என்ற முறையில் நான் அறிவிக்கும் கடைசி முடிவு இது. அந்த வருட ஓட்டத்தில் முதல் இடம், எட்டு லிட்டர் இருநூறு மில்லி, திரு. ராய்ஸ்டன் சூசைமுத்து. அவர் விதியை மீறவில்லை. அவரை நீக்கிய தீர்மானம் தவறு, அதைக் கொண்டுவந்தவன் பொய்க் குற்றம் சாட்டினான். நாளையிலிருந்து இந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்காரட்டும். வருகிற ஞாயிறு முதல் பந்துத் திடலில் கால் பம்போடு நான் நிற்பேன். கூடிய கால் மடங்கும் வரை குனிவேன். டயருக்குக் காற்றடிப்பேன், வேண்டாத பெட்டியைக் கழற்றச் சொல்வேன், இந்த மலையை விட்டு இறங்கும் ஒவ்வொருவரிடமும் கியரில் இறங்கு என்று சொல்வேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்வேன். இது என் உறுதி.

நண்பர்களே, நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அச்சடித்திருக்கிறது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தங்கச்சி கேத்லீன், செரீனா, நீங்கள் இருவரும் உட்கார்ந்திருங்கள், நாங்கள் நிற்கிறோம். ஆனால் மௌனம் வேண்டாம்! ஆறு வருடம் இருந்த மௌனம் போதாதா? அன்று கேட்டவன் நான், சிரித்தவர்கள் நீங்கள். இன்றும் நானே கேட்கிறேன். சிரித்த அதே வாயால் பதில் சொல்லுங்கள்.

ராய்ஸ்டன் சூசைமுத்து தாப்பா இறக்கத்தில் என்ஜினை அணைத்தாரா?

இந்த 'இல்லை' போதாது. நாம் அன்று சிரித்த சத்தம் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டதாம். இதுவும் அங்கே கேட்க வேண்டும். மறுபடியும் சொல்லுங்கள்.