எண்ணெய் ஆறும் நேரம்

பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. குழாய் அடைத்துக்கொள்ளும். வாய்க்காலில் போய்ப் படலமாக மிதக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தப்பை யாரும் செய்ததில்லை.

நோன்பு மாதத்தில் அம்மா சமோசாவும் இறால் வைத்த வாடாவும் போட்டு, குடவாசல் கடைத்தெருவில் விற்கக் கொடுத்துவிட்டு வருவார். அத்தா சவூதியில் இருக்கிறார். கருத்துப்போன எண்ணெயை அம்மா மறுபடி அடுப்பில் ஏற்ற மாட்டார். அதை ராத்திரி முழுதும் சட்டியிலேயே ஆறவிட்டு, காலையில் துணியில் வடிகட்டி, காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்போம். பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம் மாமா வந்து வாங்கிப்போவார். சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரங்களைக் கழற்றிப் போடும்போது, துரு ஏறாமல் இருக்க அதைத்தான் பூசுவார்.

“தங்கச்சி, உங்க எண்ணெயைப் பூசினதுலேர்ந்து ஊர் நாயெல்லாம் என் கொட்டகையிலதான் கெடக்கு. சக்கரத்தையே நக்குதுங்க,” என்பார் அம்மாவிடம்.

“நாய்க்குத் தெரியுது எங்கம்மா கைப்பக்குவம். நீங்க ஒருநாளாச்சும் காசு குடுத்து வாங்கித் தின்னிருக்கீங்களா மாமா?” என்று உள்ளேயிருந்து ஷமீரா கேட்பாள்.

ஷமீரா என் தங்கை. வீட்டுக்கு யார் வந்தாலும் பேசுவது அவள்தான். எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதும், கடையில் என் வளையல் அளவைச் சொல்வதும் ஷமீராதான். நான் அவள் காதில் சொல்வேன். அவள் ஊருக்குச் சொல்வாள்.

இந்த வருடம் அவளுக்குப் பிளஸ் டூ. முடித்ததும் தஞ்சாவூரில் நர்சிங் சேர்த்து ஹாஸ்டலில் விடுவதாக அத்தா போனில் சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்த ஆசை.

“ராத்தா, மொத ஊசி ஒனக்குத்தான். கத்தாம இருக்கிற ஆளு நீ ஒருத்திதானே,” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெந்நீர் என்றால் ஆவி வரும், பார்த்ததும் தெரியும். எண்ணெய் அப்படியில்லை. அடுப்பை விட்டு இறக்கிக் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, ஆறிப்போனது போலவே கிடக்கும். போன வருட நோன்பில் அவசரப்பட்டு நான் அப்படி ஒரு பாட்டிலில் ஊற்றிவிட்டேன். பாட்டில் கசக்கிய தாள் மாதிரிச் சுருங்கி, எண்ணெய் முழுதும் கொல்லைத் தரையில் ஓடியது. நல்லவேளை, அதை யாரும் கையில் பிடித்திருக்கவில்லை. அம்மா பார்ப்பதற்குள் சாம்பலைக் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

முதல் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஷமீரா தமிழ்ப் புத்தகத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வைத்தியலிங்கம் மாமா எண்ணெய்க்கு வருகிறார், வந்து பாட்டிலைப் பிடி என்று கூப்பிட்டேன். அவர் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை.

“இப்பவேவா? ஆறிடுச்சா ராத்தா?”

“மத்தியானமே எறக்கினதுடி.” அம்மா சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய்க் கால் மணிகூட ஆகியிருக்கவில்லை.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வலது கையில் பாட்டில், இடது கையில் புனல். மனப்பாடச் செய்யுளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டியைச் சாய்த்தேன். புனலை அவள் உடனே விட்டுவிட்டாள். பாட்டிலை விட முடியவில்லை. அது அவள் விரல்களையும் சேர்த்துக்கொண்டு சுருங்கிவிட்டது.

கொஞ்சம் கொப்புளிக்கும், பரீட்சை ஒரு வருடம் தள்ளிப்போகும், அதுவரை வீட்டில் இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன. நிமிர்த்தப் பார்த்தார்கள். நிமிரவில்லை.

“என் கருமித்தனம்தான் எம்புள்ள கையைத் தின்னுடுச்சு. கருத்த எண்ணெயைக் கீழ கொட்டியிருந்தா ஆகாதா,” என்று அம்மா பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பெரிய அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வைத்தியலிங்கம் மாமா வாசலிலேயே நின்று, “நான் கேக்காம இருந்திருக்கணும் தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஷமீரா விடவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “ராத்தா பாவம், தெரியாம ஊத்திடுச்சு. அத ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றாள். எனக்காகப் பேசுவது எப்போதும் அவள்தானே.

பரீட்சை எழுதாமல் விட்டவர்களுக்கான துணைத் தேர்வு நெருங்கியது. ஒருநாள் அவள் தூங்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஆனந்தவல்லி டீச்சர் போன் செய்தார். அம்மா தொழுகையில் இருந்தார். நான் எடுத்தேன். கையால் எழுத முடியாத பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளைத் தருவார்கள், ஷமீரா சரி என்றால் இன்றே மனுப் போட்டுவிடலாம் என்றார். நர்சிங் முடியாவிட்டால் என்ன, அவள் வாய்க்கு வக்கீலுக்கே படிக்கலாம் என்றும் சொன்னார்.

என் தொண்டை அன்று அடைக்கவில்லை.

“அவளுக்கு இனிமே படிக்க இஷ்டமில்லைங்க டீச்சர். பரீட்சைன்னாலே அழுவுறா. நீங்க கூப்பிட்டீங்கன்னு தெரிஞ்சா இன்னும் ஒடஞ்சு போயிடுவா,” என்றேன்.

டீச்சர், “நீ அவ அக்காவாம்மா? ஒனக்குப் பேச வராதுன்னு அவ சொல்லுவா. எவ்வளவு தெளிவாப் பேசுற,” என்றார்.

எண்ணெய் சுடும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சுடும் என்பதும் தெரியும். அதை மறைக்க நான் நினைக்கவில்லை, யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது அவளுக்குத் தலை பின்னிவிடுவதும், சோறு பிசைந்து ஊட்டுவதும் நான்தான். அவள் முன்போல அதிகம் பேசுவதில்லை. டீச்சர் என்னைப் பாராட்டியதை அவளிடம் சொல்ல முடியவில்லையே என்பது ஒன்றுதான் எனக்கு வருத்தம். நான் ஒரு வெளியாளிடம் அவ்வளவு பேசினேன் என்று தெரிந்தால், என்னைவிட அவள்தான் சந்தோஷப்படுவாள்.