வெள்ளைத் துணி

ஆடி மாதத்தில் எங்கள் தோட்டத்தில் துணி காயப்போடுவது பெரும்பாடு, ஐயா. பெரகல பக்கத்து மலையிடுக்கு வழியாக வரும் காற்று, கிளிப்போடு சேர்த்துச் சேலையைக் கொண்டுபோய்த் தேயிலை மேல் போட்டுவிடும். ஆனால் கீழே நீர்த்தேக்கக் கரையில் ஓர் இலைகூட ஆடாது. மலை மறைத்துவிடும்.

ஹோட்டலுக்கு வருகிறவர்கள் அங்கே பாய்மரம் பூட்டிய பலகையில் ஏறி ஓடுவார்கள். மேட்டில் நின்று காற்றைப் பார்த்துச் சொல்வது என் வேலை. வெள்ளைத் துணி காட்டினால் மெல்லிய காற்று, பெரிய பாய் கட்டலாம். சிவப்பு என்றால் பலத்த காற்று, சின்னப் பாய். கரையிலிருந்து நடுத் தண்ணீர் தெரியாது. அங்கே யாராவது விழுந்து கிடந்தால் சிவப்பை விடாமல் வீசுவேன். படகுக்கார அலவி போய்த் தூக்கி வருவார்.

பலகை ஓட்டப் பழக்குவது என் தம்பி கிரிஷாந்தன். பலகைக்கு அடியில் ஃபாயில் என்று ஓர் இறக்கை உண்டு. வேகம் பிடித்ததும் அது பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அவன் பறப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மண்சரிவில் அம்மாவும் அப்பாவும் போனபின் தோட்டத்து லயத்து வீட்டில் எனக்கென்று மிஞ்சியவன் அவன்தான். சோறு ஊட்டி வளர்த்தேன்.

மாலைதீவில் அவனுக்கு வேலை கிடைத்தது.

"ரெண்டு வருசத்துல வந்துருவேண்ணே. ஒங்கள பாத்துக்கச் சொல்லி பக்கத்து வீட்டுல சொல்லிருக்கேன்," என்றான்.

"போயிட்டு வாப்பா," என்றேன்.

புறப்படுவதற்கு முதல் நாளும் அவன் கரையில் பலகையோடு நின்றான். மேட்டில் காற்று என்னையே தள்ளியது. நான் வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் காட்டினேன். கால் ஒன்று முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கால் ஆறிவிடும், வேலை வேறொருவனுக்குப் போய்விடும். மெல்லிய காற்று என்றால் அவன் மிதவைச் சட்டை போடமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

மலை மறைவைத் தாண்டியதும் பெரிய பாய் அவனைப் பிடுங்கியது. பலகை உயரக் கிளம்பித் தலைகீழாக விழுந்தது. தண்ணீரில் ஒரு கை உயர்ந்தது, நான் நின்ற மேட்டைப் பார்த்து. சிவப்புத் துணி என் இடுப்பில்தான் இருந்தது. உடனே வீசினால் ஒன்றும் ஆகாமல் வந்துவிடுவான், மறுநாள் போய்விடுவான். கொஞ்சம் பயப்படட்டும், பயந்தவன் வீட்டோடு இருப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கை இறங்கியது. பிறகுதான் வீசினேன்.

அலவி அழுதுகொண்டே அவனைக் கொண்டுவந்தார். நானும் அழுதேன்.

காற்றுதான் கொன்றது என்று ஊரே சொல்கிறது. காற்று என்ன செய்யும், ஐயா? நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவனை லயத்துக்குப் பின்னால்தான் புதைத்தோம், கூப்பிட்டால் கேட்கும் தூரம். தினமும் சாயங்காலம் அவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கிறேன். என்னை அதிக நாள் உள்ளே வைத்துவிடாதீர்கள். தம்பிக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை.