இருளாண்டி மகன் வேலுச்சாமி

— விஸ்வநத்தத்துல இருளாண்டி நாலு பேரு இருக்காக தம்பி. நீங்க யாரக் கேக்கீக? சொல்லுங்க, தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே கேக்கேன்.

— முப்பத்தொம்பதுல தேயிலைத் தோட்டத்துக்கு, சிலோனுக்குப் போனவர் அக்கா. நான் அவர் மகன், வேலுச்சாமி. கிராம முன்சீப் ஐயா ஊருக்குப் புதுசாம். இந்தத் தெருவுல யாராவது வந்து சாட்சி சொன்னாத்தான் எழுதித் தருவேங்கிறாரு.

— என்னன்னு சாட்சி சொல்லணும்?

— நான் இந்த ஊர்க்காரன் மகன்தான்னு. அந்தக் கடுதாசி இருந்தாத்தான் மதுரைப் பல்கலைக்கழகத்துல சேத்துக்குவாங்க. சிலோன்ல, பேராதனைப் பல்கலைக்கழகத்துல ரெண்டு வருசம் படிச்சேன். ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டாங்க, நீ இந்தியாக்காரன், போன்னுட்டாங்க. படிப்பு பாதியில நிக்குது.

— என்ன படிப்பு அது?

— தொல்பொருள். அந்தத் தீவுல முன்ன இருந்தவங்க விட்டுட்டுப் போனதத் தோண்டிப் பாக்கிறது.

— தோண்டவா காலேசு? எங்க ஆளுக காலங்காலமாத் தோண்டுறாக. ஒருத்தனும் பட்டம் குடுக்கல.

— குகையில எழுத்து வெட்டியிருக்கும் அக்கா. ரெண்டாயிரம் வருசத்து எழுத்து. இன்னார் மகன் இன்னார் குடுத்ததுன்னு. கையால தடவியே வாசிச்சிருவேன்.

— செத்தவுகளுக்கு அம்புட்டு அத்தாட்சி! உசுரோட இருக்க ஒங்களுக்கு ஒண்ணுமில்லையாக்கும்.

— சிரிக்காதீங்க அக்கா. திங்கக்கிழமைதான் கடைசி. விட்டா இந்தப் படிப்பு அம்புட்டுத்தான், பட்டாசுக் கம்பெனியில போய் நிக்க வேண்டியதுதான்.

— ஒங்கப்பா எங்க? அவரே வந்து சொல்லலாம்ல?

— போன ஐப்பசியில இறந்துட்டாரு. மண்டபம் கேம்புல. கப்பல்ல இருந்து எறங்கி நாலாம் நாள்.

— போன ஐப்பசியிலயா?

— ஆமா. ஊருக்குப் போகணும்னு ஒரு தடவகூடச் சொன்னதில்ல. அங்க எனக்கு யாருமில்லம்பாரு.

— யாருமில்லையாமா! சோலையம்மான்னு ஒருத்திக்குத் தாலி கட்டிட்டுத்தான் கப்பல் ஏறினாக. மொத வருசம் ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் மூச்சுப் பேச்சில்ல. பன்னெண்டு வருசம் பாத்தாக. ஆளு போயிட்டாருன்னு ஊரு கூடி முடிவு பண்ணி, ஊருணிக் கரையில வச்சு அவ தாலிய அறுத்துட்டாக. அம்பத்திரண்டு, ஆடி மாசம்.

— அம்பத்திரண்டா? அப்ப நான் ரெண்டாங் கிளாஸ். அப்பாதான் தோள்ல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விடுவாரு.

— தோள்லயா?

— ஆமா அக்கா, மேடு ஏறணும், கால் வலிக்கும்பேன். அந்தம்மா... இப்ப இருக்காங்களா?

— அடுத்த சந்துல இருக்கா. பதினேழு வருசமா வெள்ளச் சீலை. ஒரு கல்யாணம் காச்சியில அவள முன்னால வர விட்டதில்ல.

— பாவம். எனக்கு இதெல்லாம் தெரியாது அக்கா. ஆனா உங்களுக்கு அப்பாவத் தெரிஞ்சிருக்கு. எங்கூட வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இருளாண்டி மகன்தான்னு.

— அத மூஞ்சியே சொல்லுது. ஆனா நான் வரமாட்டேன். நீ இங்கன வந்துட்டுப் போனதயும் யாருட்டயும் சொல்லாத தம்பி. எங்காத்தா தாலிய அறுக்கயில, எங்கப்பன் மகனத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாருன்னு அவ காதுல விழ வேணாம்.